இரவில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் வண்டிகள்: ஒதுங்க இடமில்லாதபோது என்ன செய்கிறீர்கள்?

தாம்பரத்தான்

சென்னை–திருச்சி சாலையில் இரவில் கார் ஓட்டுகிறவர்களிடம் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் பரனூர் சுங்கச்சாவடிக்கே மணி பத்தாகிவிடுகிறது. அச்சரப்பாக்கம் வரை நெரிசல். அங்கே யாரும் யாரையும் விரட்ட முடியாது. விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. கிளாம்பாக்கத்தில் கிளம்பிய ஆம்னி பஸ்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் அங்கே வந்து சேர்கின்றன.

போன வாரம் உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் இடது தடத்தில் வரிசையாக லாரிகள். வலது தடத்தில் 90இல் அவற்றை முந்திக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு பஸ். உள்கண்ணாடியில் பார்த்தால் அதன் முன்கண்ணாடிகூடத் தெரியவில்லை, விளக்குகள் மட்டும்தான். அவ்வளவு நெருக்கம். ஹை பீமைப் போட்டுப் போட்டு அணைக்கிறார், ஹாரன் வேறு. டாஷ்போர்டின் மேல் படிந்திருந்த தூசி துல்லியமாகத் தெரிகிறது. பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் மாமியார் விழித்து, "விடிந்துவிட்டதா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

வேகமாக வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது தெரியும். இடப்பக்கம் லாரி, வலப்பக்கம் சென்டர் மீடியன், பின்னால் பஸ் என்று இருக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பெரம்பலூர்வாசி

ஒன்றும் செய்யாதீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் 90, லாரி 60 என்றால் வேக வித்தியாசம் 30 கிலோமீட்டர். விநாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் லாரிகளைக் கடக்க ஒரு 200 மீட்டர் தேவை என்று வைத்துக்கொண்டாலும் இருபத்தைந்து விநாடியில் வேலை முடிந்துவிடும். அந்த இருபத்தைந்து விநாடிக்காக 120க்கு முடுக்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வருகிறவர் கேட்கிற வேகத்தை நாம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இடது இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒதுங்கப்போகிறோம் என்பது புரிந்தால் பாதிப் பேர் ஹாரனை நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று, இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பின்னால் ஒருவர் ஒட்டினால் இவர்கள் போய் முன்னால் போகிற வண்டியை ஒட்டுகிறார்கள். முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள் நண்பரே. முன்வண்டி திடீரென்று பிரேக் போட்டால் நீங்கள் மெதுவாகக் குறைக்க இடம் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர் இடைவெளி விடவில்லை என்றால் அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் விட்டாக வேண்டும். அநியாயம்தான், வேறு வழியில்லை.

உள்கண்ணாடிக்குக் கீழே நகத்தளவில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தட்டினால் கண்ணாடி சாய்ந்து வெளிச்சம் மங்கிவிடும். வண்டி வாங்கிப் பல வருடம் ஆகியும் அது எதற்கு என்று தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்துச் சிங்கம்

இந்தப் பொறுமைப் பாடம் எல்லாம் பகலுக்குச் சரி. பிரேக் பெடலைப் பாதத்தால் லேசாகத் தொடுங்கள். வேகம் குறைய வேண்டாம், சிவப்பு விளக்கு எரிந்தால் போதும். பின்னால் வருகிறவன் பதறி இருபது மீட்டர் தள்ளிப் போய்விடுவான். நான் இப்படித்தான் செய்கிறேன், பலன் இருக்கிறது. அவன் இடித்தால் தப்பு அவன் மேல்தான். பின்னால் இருந்து இடித்தவன்தான் குற்றவாளி என்பது ஊரறிந்த சட்டம்.

கருப்பு அங்கி

சிங்கம் அவர்களே, ஊரறிந்த அந்தச் சட்டம் பாதிதான் உண்மை. தொழில்முறையில் மோட்டார் விபத்து வழக்குகள் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருந்தன. 23ஆவது விதி, முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட வேண்டும் என்றது. 24ஆவது விதி, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் திடீர் பிரேக் போடக் கூடாது என்றது. முதலாவதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவது யார் கண்ணிலும் படாது. 2017இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்த பிறகும் இரண்டு கடமையும் அப்படியே தொடர்கின்றன.

நம் கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார், பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறியது. அவர் ஒரு காலை இழந்தார். கர்ப்பிணியான மனைவிக்கு வாந்தி வரும்போல இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். 2025 ஜூலையில் வந்த தீர்ப்பில் காருக்கு 50 விழுக்காடு, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தார்கள். நெடுஞ்சாலையில் நிறுத்த நினைப்பவர் பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்ற காரணத்துக்கே பாதிப் பொறுப்பு. பின்னால் வருகிறவனுக்குப் பாடம் கற்பிக்க பிரேக் தொட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சேலத்துச் சிங்கம்

ஐயா, அவர் வண்டியையே நிறுத்தினார். நான் சொல்வது விளக்கை மட்டும் காட்டுவது. இரண்டும் ஒன்றா? விளக்கைக் காட்டுவதே எச்சரிக்கைதானே?

இயற்பியல் வாத்தியார்

கணக்காகப் பார்ப்போம். 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். பஸ் உங்களுக்குப் பத்து மீட்டர் பின்னால் வருகிறது. அந்தப் பத்து மீட்டரைக் கடக்க 0.4 விநாடி. மனிதர் ஒருவர் சிவப்பு விளக்கைப் பார்த்து, காலை எடுத்துப் பிரேக் மேல் வைக்கவே ஒரு விநாடி, ஒன்றரை விநாடி ஆகும். பஸ்ஸுக்குக் காற்று பிரேக்; பெடலை மிதித்த பிறகு காற்றழுத்தம் பின்சக்கரம் வரை போய்ச் சேர இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். நீங்கள் வேகம் குறைக்காமல் விளக்கை மட்டும் காட்டியது அவருக்குத் தெரியாது. அவர் பதற்றத்தில் முழுப் பிரேக்கையும் மிதித்தால் முப்பது நாற்பது பயணிகள் பெர்த்திலிருந்து உருளுவார்கள். ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கத்து லாரி. உங்கள் பலன் இருக்கிறது என்ற அனுபவம், இதுவரை பதறியவர்கள் எல்லாம் நேராகப் பதறினார்கள் என்பதை மட்டும்தான் காட்டுகிறது.

லாரிக்காரர் மகன்

எல்லாரும் இடது தடத்துக்குப் போங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். அப்பா முப்பது வருடம் நாமக்கல் லாரி ஓட்டியவர். நான் கிளீனராகக் கூடவே போய் வளர்ந்தவன். இரவில் இடது தடத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது பேசுங்கள்.

நம் நாலுவழிச் சாலையில் ஒரு தடம் 3.5 மீட்டர். அதற்கு இடப்பக்கம் தார் போட்ட ஓரம் 1.5 மீட்டர். லாரியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். டீ குடிக்கவோ பஞ்சர் பார்க்கவோ ஓரத்தில் நிறுத்திய லாரி, மண்ணில் இறக்காவிட்டால், ஒரு மீட்டர் அளவுக்கு இடது தடத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். பின்விளக்கு எரியாது, பேட்டரி இறங்கிவிடும் என்று அணைத்திருப்பார்கள். ஒளிரும் ஸ்டிக்கர் இருக்கும், அதன் மேல் சேறு இருக்கும். கரும்பு வெட்டும் காலத்தில் விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் டிராக்டர்கள் வரும். டிரெய்லருக்கு வெளியே கரும்பு இரண்டு பக்கமும் தொங்கும், விளக்கு இருந்தாலும் தோகை மறைத்துவிடும். அதோடு ஊருக்கு ஊர் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள். அரைக் கிலோமீட்டர் சுற்றிப் போக மனமில்லாமல் ஓரமாகவே எதிரில் வருவார்.

வாத்தியார் கணக்கிலேயே கேட்கிறேன். லோ பீமில் ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் எனக்கு எதுவும் தெரிவதில்லை. 100இல் போகிற கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

அதனால்தான் இரவில் அனுபவசாலிகள்கூட வலது தடத்தை விட மாட்டேன் என்கிறார்கள். திமிர் இல்லை, பயம். அவர்களைப் பின்னால் வந்து முட்டுகிறவனுக்கு இது புரிய வேண்டும். முட்டப்படுகிறவரும் அவசரத்தில் இடது பக்கம் சட்டென்று பாயக் கூடாது. ஒரு லாரியைக் கடந்ததும் உடனே இடது பக்கம் ஒடிக்காதீர்கள். அந்தத் தடத்தில் அடுத்து என்ன இருக்கிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, காலி என்றால் மட்டும் போங்கள். அதுவரை பின்னால் இருப்பவன் கத்தட்டும்.

இயற்பியல் வாத்தியார்

உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு, 100இல் போகும் கார் நிற்க ஏறக்குறைய 95 முதல் 100 மீட்டர் வேண்டும். அதில் 40 மீட்டர் சொச்சம் நாம் யோசிக்கும் நேரத்திலேயே போய்விடும். 80 என்றால் 70 மீட்டர் அளவு. 60 என்றால் 45. ஆகவே லோ பீமை மட்டும் நம்பி இடது தடத்தில் போகிறவருக்கு 60, 70தான் கணக்குக்கு உட்பட்ட வேகம். தம்பி சொல்வது சரி. வலது தடத்தில் 95இல் இருந்தவர் இடது தடத்துக்கு மாறும்போது வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அதே 95இல் மாறினால் பஸ்ஸிடமிருந்து தப்பி நின்ற லாரியிடம் போவதுதான்.

கடலூர்க்காரி

பஸ்ஸாவது அவசரத்தில் வருகிறது, வழி கிடைத்ததும் போய்விடுகிறது. எனக்குப் பயம் வழி கொடுத்த பிறகும் போகாத கார்கள்தான்.

மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து புதுச்சேரிப் பக்கம் தனியாகத் திரும்புகிறவள் நான். சில மாதங்களுக்கு முன் வெள்ளைக் கார் ஒன்றை முந்தினேன். சாதாரணமாகத்தான். பெண் ஓட்டுகிறாள் என்பதைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. முந்தி வந்து எனக்கு முன்னால் 40க்குக் குறைத்தார்கள். நானும் குறைத்தேன். பிறகு ஓரம் கட்டி என்னைப் போகவிட்டு, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஹை பீம். இது இரண்டு மூன்று முறை.

செய்தது இது. கண்ணாடி ஏற்றியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வேகத்தை 60லேயே வைத்தேன்; ஓடினால் துரத்துவதில் அவர்களுக்கு உற்சாகம் கூடும். கணவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு அந்த இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் தெருவை விட்டுவிட்டு நேராகப் போனேன். விளக்கு எரியும் ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்து, காற்றுப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தாமல், பணம் வாங்கும் அறையின் வாசலை ஒட்டி நிறுத்தினேன். அங்கேதான் கேமரா இருக்கும், ஆளும் இருப்பார். அவர்கள் சாலையில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். 112ஐ அங்கிருந்துதான் அழைத்தேன். காவலர்கள் வந்தார்கள், ஊர் எல்லை வரை பின்னால் வந்து விட்டுப்போனார்கள்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் சுங்கச்சாவடி இன்னும் நல்ல இடம். இரவு முழுக்க ஆள், கேமரா, வெளிச்சம். ஆளில்லாத சாலையோரத்தில் மட்டும் "போய்த் தொலையட்டும்" என்று நிறுத்திவிடாதீர்கள். காவல் உதவி செயலியில் அவசரப் பொத்தான் இருக்கிறது, அதை முகப்புத் திரையில் வைத்திருங்கள். ஓட்டும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

மாம்பலம் மாமா

அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு ஆபத்து இருக்கும்போது இரவில் தனியாக ஓட்டுவதைத் தவிர்க்கலாமே?

கடலூர்க்காரி

தவிர்க்கலாம் மாமா. இரவில் நெஞ்சு வலி வருகிறவர்களும் அதைத் தவிர்த்துவிட்டால் எனக்கு இரவுப் பணியே இருக்காது.

ஸ்டியரிங்குக்காரன்

வணக்கம். நான் பஸ் ஓட்டுகிறவன். சென்னை–மதுரை. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

ஒட்டிக்கொண்டு போவதை நியாயப்படுத்த வரவில்லை. எங்களில் அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்த்தால் எனக்கே கோபம் வரும். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன் சார். காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் இருக்க வேண்டும். பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் எங்களுக்குத் திருப்பித் தருவதில்லை. தாமதமானால் பயணி இறங்கும் முன்பே செல்போனில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுகிறார், முதலாளி காலையிலேயே கூப்பிடுகிறார்.

கார்க்காரர்களில் ஒரு வகை உண்டு. இடது தடம் ஒரு கிலோமீட்டருக்குக் காலியாகக் கிடக்கும். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரியும். இவர் வலது தடத்தில் 70. ஒருமுறை டிப் அடித்தால் 95 போவார். நான் விட்டுவிட்டால் மறுபடி 70. முகத்தில் செல்போன் வெளிச்சம். அவரை என்ன செய்வது? முழுச் சுமையோடு போகும் பஸ் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு தடவை ஹை பீம் போட்டு அணைப்பது திட்டு இல்லை சார். நான் இருக்கிறேன் என்று சொல்வது. அதற்கே சிலர் வேண்டுமென்று இன்னும் மெதுவாகப் போகிறார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

தாம்பரத்தான்

உங்கள் நேர்மைக்கு நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். போக்குவரத்து வாகனங்களுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2015லேயே கட்டாயமாகிவிட்டது. நான் 90இல் போய்க்கொண்டிருந்தேன். என் பின்னால் வந்த பஸ் எப்படி ஒட்டியது?

ஸ்டியரிங்குக்காரன்

அந்தக் கேள்வியை முதலாளியிடம் கேட்க வேண்டும் சார்.

கருப்பு அங்கி

நேரடியான பதில்!

முதலாளி கட்டாயப்படுத்தினார் என்பது வழக்கு வந்தால் ஓட்டுநரைக் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவு, ஆபத்தான முறையில் ஓட்டுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் இரண்டு வருடம் வரை போகலாம். உரிமம் போனால் பிழைப்பும் போகும். முதலாளிக்கு வேறு ஓட்டுநர் கிடைப்பார்.

திருவையாறு

எல்லாரும் நாலுவழிச் சாலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் இன்னும் இருவழிச் சாலைதான். இங்கே பின்னால் ஒட்டுகிறவனுக்கு வழி கொடுக்க இடது தடமே கிடையாது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் வேறு கண்ணை அடிக்கிறது. என்ன செய்வது?

லாரிக்காரர் மகன்

இருவழிச் சாலைக்குத் தனிப் பாஷை உண்டு அண்ணா. முன்னால் போகிற லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் "எதிரே காலி, நீ போ". வலது போட்டால் "எதிரே வண்டி, வராதே". சட்டப் புத்தகத்தில் இல்லாத பாஷை. இதில் ஆபத்தும் உண்டு. அவர் நிஜமாகவே வலது பக்கம் திரும்பப்போகிறாரா, எச்சரிக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. ஆகவே லாரிக்காரர் வழிகாட்டினார் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறாதீர்கள். நீங்களும் பின்னால் வருகிறவனுக்கு இண்டிகேட்டரால் "போ" என்று சொல்லாதீர்கள். அவன் எதிர்வண்டியில் மோதினால் அந்தப் பாவம் உங்களுக்கு எதற்கு?

ஊர் வரும், கடை வரும், பெட்ரோல் பங்க் வரும். இடது பக்கம் கெட்டியான தரை தெரிகிற இடத்தில் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி அவனை அனுப்பிவிடுங்கள். மண் ஓரம் தாரைவிடத் தாழ்ந்திருந்தால் மட்டும் இறங்காதீர்கள், மழைக்குப் பிறகு சக்கரம் இழுத்துவிடும். எதிர் வெளிச்சத்துக்கு, சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். எதிர்விளக்கை உற்றுப் பார்த்தால் அது போன பிறகும் சில விநாடிக்கு ஒன்றும் தெரியாது.

பெரம்பலூர்வாசி

முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். வெளிப்பக்கத்தை எல்லாரும் துடைக்கிறார்கள், உள்பக்கம் எண்ணெய்ப் படலம் படிந்து எதிர்விளக்கின் வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவுகிறது. அரை வாளித் தண்ணீர், பழைய செய்தித்தாள் போதும்.

சேலத்துச் சிங்கம்

சரி, பிரேக் தொட வேண்டாம். பின்னால் ஒட்டினால் நாலு இண்டிகேட்டரையும் எரியவிடலாமா? அதிலாவது யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?

பெரம்பலூர்வாசி

எனக்கு இருக்கிறது. நாலும் எரிந்தால் நீங்கள் எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்பதைச் சொல்ல விளக்கே மிச்சமில்லை. வண்டி நின்றுவிட்டது என்று பின்னால் வருகிறவர் நினைத்து வலமோ இடமோ பாயவும் கூடும். வண்டி பழுதாகி ஓரம் கட்டும்போது போடுங்கள். முன்னால் திடீரென்று வாகனங்கள் தேங்கி நிற்பதைப் பார்த்தால் இரண்டு மூன்று சிமிட்டு காட்டுங்கள், அது பின்னால் வருகிறவரைக் காப்பாற்றும். விரட்டுகிறவனுக்கு இடது இண்டிகேட்டர் மட்டும்.

சேலத்துச் சிங்கம்

எதைச் சொன்னாலும் கூடாது என்கிறீர்கள். அப்படியானால் விரட்டுகிறவனுக்குத் தண்டனையே இல்லையா?

கருப்பு அங்கி

உண்டு, சாலையில் இல்லை. பின்பக்கக் கேமரா பொருத்துங்கள். பலரும் முன்பக்கம் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஒட்டிக்கொண்டு வருகிறவர் அதில் விழ மாட்டார். ஹை பீம் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் பெரும்பாலும் வெளுத்துப் போய்விடும். ஆகவே அவர் முந்திப் போன பிறகு முன்கேமராவில் விழும் பின்பக்க எண்தான் பயன்படும். அவரைத் துரத்த வேண்டாம், முந்தும்போது தானாகவே பதிவாகும். அடுத்த சுங்கச்சாவடியில் நிறுத்தி அந்தக் கோப்பு அழியாதபடி பூட்டிவையுங்கள், இல்லாவிட்டால் கேமரா அதன் மேலேயே அடுத்த பதிவை எழுதிவிடும். நீதிமன்றம் வரை போனால் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். மெமரி கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

தாம்பரத்தான்

கேமரா வைக்கிறேன். முன்னால் லாரி வரிசை தெரிந்தால், முந்த ஆரம்பிக்கும் முன் கண்ணாடியில் பஸ் வருகிறதா என்று பார்த்து, வந்தால் லாரிக்குப் பின்னாலேயே 60இல் இருந்து பஸ்ஸை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு ஏறுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அரை நிமிடம்தானே போகும். ஸ்டியரிங்குக்காரர் அண்ணா, அப்படி வழி கொடுத்தால் உங்கள் ஆட்கள் புரிந்துகொள்வார்களா?

ஸ்டியரிங்குக்காரன்

புரியும் சார். கடந்துபோகும்போது இண்டிகேட்டரை இரண்டு தடவை சிமிட்டினால் அது உங்களுக்குத்தான். பின்னாலேயே இன்னொரு பஸ் வரும், அதையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.